வாரண்டி மாமா குடுத்த மொத ஜம்ப்பு

ஓசூருலருந்து ஜூஜுவாடி கர்நாடகா பார்டரு வரைக்கும் எத்தன கம்பெனி இருக்குதுன்னு எண்ணிப் பாத்தவங்க கெடையாது. அந்தக் கம்பெனிங்க சொல்றத நம்புற ஜனமும் கெடையாது. நான் நம்ப மாட்டேன், எங்க அண்ணன் நம்ப மாட்டான், கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி கூட நம்ப மாட்டாரு. ஆனா ஒரு கம்பெனி அச்சடிச்சுக் குடுத்த வார்த்தைய சாமி வாக்கா நெனச்சு, அதுக்கு வருசக் கணக்கா விரதம் இருந்த மனுசன் இந்த ஒலகத்துலயே ஒருத்தர்தான். எங்க லைன் வூட்டுத் தெருவுல, எறக்கத்துல, கடைசி வூட்டுல இருந்தாரு. வாரண்டி மாமா.

அவரு நெசப் பேரு என்னன்னு கேக்காதீங்க. அவரு செத்த அன்னிக்கு கண்ணீர் அஞ்சலி பேனரு அடிக்கற பையன் வந்து கேட்டான். அப்பத்தான் தெருவுல ஒருத்தருக்கும் தெரியலன்னு தெரிஞ்சுது. அத்தைகிட்ட கேட்டா, அவங்க புருசன் பேரச் சொல்ற ஆளு இல்ல. அந்த அழுகையிலயும் தலைய ஆட்டி மாட்டேன்னுட்டாங்க. கடசில அந்தப் பையன் “வாரண்டி”ன்னே பெருசா போட்டு, பக்கத்துல அவரு காரு போட்டோவயும் போட்டுட்டான். மாமா மூஞ்சிய விட காரு பெருசா இருந்துச்சு. பாத்திருந்தா மாமா சந்தோசப்பட்டிருப்பாரு.

செத்துட்டாருன்னு மொதல்லயே சொல்லிட்டேன். எனக்குச் சுத்தி வளச்சு எழுத வராது, பத்தாவதோட நின்னவ. ஆனா அழுதுட்டே எழுதறேன்னு நெனச்சுக்காதீங்க. பாதி நேரம் சிரிச்சுட்டுத்தான் எழுதறேன்.

மாமாவுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்த ஊரு. வூட்டுக்குள்ள தெலுங்கு, தெருவுல தமிழு, அத்திப்பள்ளி ஆளுங்க வந்தா கன்னடம். வந்த நாள்லருந்து காண்ட்ராக்ட் வேலதான். மொதல்ல கிரானைட்டு, அப்புறம் இரும்பு காச்சுற எடம், அப்புறம் டப்பா ஒட்டுற எடம். எல்லா எடத்துலயும் கொஞ்ச நாள் வேல பாருப்பா, பர்மனென்ட் பண்ணிடறோம்னு சொல்லுவாங்களாம். பர்மனென்ட் பண்ற நேரம் வந்தா நாளையிலருந்து வராதன்னு சொல்லுவாங்களாம். ஒருக்கா கேட்டதுக்கு, எல்லாரும் வாயாலதாம்மா சொன்னாங்கன்னாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு.

அப்படிப்பட்ட மனுசனுக்கு ஊர்ல மாந்தோப்பு வித்த பங்குப் பணம் வந்துச்சு. ஆட்டோ வாங்குவாரு, கட வெப்பாருன்னு தெருவே பேசுனா, அவரு போயி வெள்ளையா ஒரு சின்னக் காரு வாங்கிட்டு வந்து நிறுத்துனாரு. காரு ஓட்டுறதுக்காக இல்லீங்க. அதுகூட ஒரு வாரண்டி குடுத்தாங்க பாருங்க, அதுக்காகத்தான்னு நான் நெனைக்கறேன். அவரு வாழ்க்கையில ஒரு கம்பெனி அவருக்கு எழுதிக் குடுத்தது அதுதான் மொத தடவ.

வண்டி வந்த அன்னிக்கே சண்ட ஆரம்பிச்சுது. புது வண்டின்னா நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கணும். அத்தை தட்டோட வந்து நிக்கறாங்க. மாமா கார முன்னால எடுக்க மாட்டேங்கறாரு. எலுமிச்சம்பழம் புளிப்பு, டயர அரிச்சுடும், டயருக்குத் தனி வாரண்டி இருக்குதுங்கறாரு. ரெண்டு பேரும் தெலுங்குல அரமணி நேரம் கத்துனாங்க. கடசில ஒரு ராசி ஆச்சு. சக்கரத்துக்கு முன்னால பழத்த வெச்சு, மாமாவே செருப்பக் கழட்டிட்டு, குதிகால்ல ஒவ்வொண்ணா மிதிச்சாரு. அவருக்குத்தான் திருஷ்டி கழிஞ்சுது, காருக்கு இல்ல.

சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக்க கடசி வரைக்கும் கிழிக்கவே இல்ல. வெயில்ல அதுல ஒக்காந்து எந்திரிச்சா முதுகு தோசக்கல்லுல ஒட்டுன மாதிரி வரும். டேஷ்போர்டுல பிள்ளையார ஒட்டலாம்னு அத்தை சொன்னா, பசை போட்டா வாரண்டி போயிடும்னாரு. அதனால வண்டி ஓட்டும்போது பிள்ளையாரு மாமா சட்டப் பாக்கெட்டுல இருப்பாரு. வேகத்தட வந்தா ஒரு கையி ஸ்டியரிங்ல, ஒரு கையி பிள்ளையாரு மேல.

இதெல்லாம் அவரு வூட்டு விசயம், விடுங்க. தெருவுக்கும் அவருக்கும் பிரச்சன வந்தது ஜம்ப்புனாலதான்.

மார்கழி வந்தா எங்க ஊரு குளிருக்குப் பழைய வண்டிங்க எல்லாம் காலைல இருமும். கிர்ர், கிர்ர்ங்கும், அப்புறம் அதுவும் இல்ல. பேட்டரி செத்துரும். உசுரோட இருக்கற பேட்டரி வண்டிய பக்கத்துல நிறுத்தி, ரெண்டு வயரு போட்டு, கரண்டு குடுத்து எழுப்பணும். எங்க தெருவுல அதுக்கு ஜம்ப்பு குடுக்கறதுன்னு பேரு. தெருவுலயே புது பேட்டரி இருக்கறது மாமா வண்டியில. எல்லாரும் எறக்கத்துல எறங்கி அவரு வூட்டுக்குத்தான் போவாங்க. மாமா தமிழ்ல வேணாம்பாரு. மறுபடி கேட்டா தெலுங்குல வத்துன்னுவாரு. அத்திப்பள்ளி ஆளா இருந்தா பேடான்னுவாரு. மூணு பாசையிலயும் இல்லன்னு சொல்ற ஒரே மனுசன்.

“புது வண்டியில கம்ப்யூட்டரு இருக்குதுப்பா. வயரு மாறிப் போச்சுன்னா அது எரிஞ்சுரும். எரிஞ்சா எப்படி எரிஞ்சுதுன்னு கம்பெனி கேக்கும். நான் பொய் சொல்ற ஆளு இல்ல. வாரண்டி போச்சு.”

ஒருக்கா மாப்பிள்ளையோட கல்யாண காரே அவரு வூட்டு முன்னால நின்னுபோச்சு. முகூர்த்தத்துக்கு நேரம் ஆவுது. மாலையோட மாப்பிள்ளை எறங்கி வந்து கும்புடறான். மாமா மனசு எளகிருச்சு. சேரு எடுத்துப் போட்டு ஒக்கார வெச்சாரு, டீ குடுத்தாரு, வெயிலுக்குக் கொட புடிச்சாரு. பேட்டரி மட்டும் குடுக்கல. கடசில அந்தப் பையன் யாரோட பைக்குலயோ பின்னால ஒக்காந்து மாலையோட பறந்தான். உசுரு போற அவசரம்னா கூட குடுக்க மாட்டியா மாமான்னு எங்க அண்ணன் கேட்டான்.

“உசுருக்கு ஆம்புலன்ஸ் இருக்குது மாதேஷு. என் வண்டிக்கு யாரு இருக்கறாங்க?”

எங்க அண்ணன் மாதேஷு அப்ப வேன் ஓட்டிட்டு இருந்தான். தெருவுல இருக்கற பொண்ணுங்கள எல்லாம் ஏத்திட்டுப் போயி கம்பெனியில விடுவான். அதுல நானும் ஒருத்தி. வண்டிங்களுக்குப் போடுற வயரு கட்டுற கம்பெனி அது. நாங்க எல்லாருமே காண்ட்ராக்ட்டுதான்.

அந்த வருசம் கம்பெனியில ஒரு சேதி சொன்னாங்க. காண்ட்ராக்ட்டுல கொஞ்சம் பேர பர்மனென்ட் பண்றோம், விஜயதசமி நல்ல நாளு, அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு யூனிபார்மோட கேட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆர்டரு. இல்லாதவங்க அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம். அடுத்த பேட்ச்சுன்னா என்னன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அது வராது.

அதுக்கு மொத நாளு ஆயுத பூஜ. எங்க ஊர்ல தீபாவளிய விட அதுதான் பெருசு. அண்ணன் வேனக் கழுவி, வாழக்கன்னு கட்டி, பேட்டரியிலருந்தே வயரு இழுத்து சீரியல் லைட்டு போட்டு, பாட்டும் போட்டு விட்டான். எஞ்சின், பேட்டரி எல்லாத்துக்கும் அவனே சந்தனத்த அப்பிக் குங்குமம் வெச்சான். பக்தி அன்னிக்கு அவனுக்கு ஜாஸ்தி. லைட்ட நிறுத்த மறந்துட்டுத் தூங்கப் போயிட்டான்.

காலைல சாவிய திருகுனா கிர்ருன்னு கூட சத்தம் வரல. லீவு நாளு, கம்பெனி பஸ்ஸு கெடையாது. ஆட்டோக்காரங்க யாரும் எந்திரிக்கவே இல்ல. தெருவுல இருந்த மத்த ரெண்டு பழைய வண்டியும் அதே பூஜையில அதே மாதிரி செத்துக் கெடக்குது. நாங்க ஒரு வேன் நெறைய பொண்ணுங்க, தல சீவி, பூ வெச்சு, யூனிபார்ம் போட்டு நிக்கறோம். தள்ளுங்கன்னான் அண்ணன். தள்ளுனோம். எறக்கத்துல வேன் நல்லா ஓடுச்சு, ஸ்டார்ட்டு மட்டும் ஆவல. ஓடி ஓடி, எறக்கம் முடியற எடத்துல, வாரண்டி மாமா வூட்டு முன்னாடி போயி நின்னுருச்சு. அதுக்கு மேல தள்ளணும்னா மேட்டுலதான் தள்ளணும்.

மாமா வாசல்ல பல்லு வெளக்கிட்டு இருந்தாரு. எங்களப் பாத்ததுமே வாயில நொரையோட கைய ஆட்டி இல்லன்னாரு. யாரும் இன்னும் ஒண்ணும் கேக்கல.

“மாமா, இன்னிக்கு ஒருநாளு,” அப்படின்னான் அண்ணன்.

“நாளு கெழமைக்குன்னு வாரண்டிக்குத் தனிச் சட்டம் கெடையாதுப்பா.” துப்பிட்டு எங்களப் பாத்தாரு. “லீவு அன்னிக்கு எதுக்கு எல்லாம் யூனிபார்ம்ல நிக்கறீங்க?”

நான்தான் சொன்னேன். “பர்மனென்ட் பண்றாங்க மாமா. எட்டு மணிக்குள்ள போவணும்.”

“வாயால சொன்னாங்களா, எழுதிக் குடுக்கறாங்களா?”

“ஆர்டரு குடுக்கறாங்க மாமா. கையெழுத்து போட்டு.”

மாமா பிரஷ்ஷ ஒதறித் திண்ணையில வெச்சாரு. நாலு பேர அவரு கார்ல ஏத்திட்டுப் போறேன்னு சொல்லுவாருன்னுதான் நெனச்சேன். அவரும் அதத்தான் நெனச்சிருப்பாரு போல, எங்கள ஒவ்வொருத்தியா எண்ணுனாரு. எண்ணிட்டு, உள்ள போயி, மூஞ்சி கழுவி, விபூதி வெச்சுட்டு, பிள்ளையார பாக்கெட்டுல போட்டுட்டு வந்தாரு. காரு மேல இருந்த கவர எடுத்தாரு. டிக்கியத் தொறந்தாரு. உள்ள ஜம்ப்பு வயரு இருக்குது. பிரிக்காத பாக்கெட்டு.

“நீ எதுக்கு மாமா இது வாங்கி வெச்சிருக்கற?” அண்ணனுக்கு வாய் மூடவே இல்ல.

“எனக்கு ஒரு நாளு தேவப்பட்டா யாராவது குடுக்க மாட்டீங்களா?”

அந்த நேரத்துலயும் எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவரு சிரிக்கல. கார ஓட்டிட்டு வந்து, வேன் மேல ஒரசாம, மூக்குக்கு மூக்கு நிறுத்துனாரு. அவ்ளோ மெதுவா யாரும் கார் ஓட்டிப் பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டு வண்டியையும் ஆஃப் பண்ணச் சொன்னாரு. வேன் ஏற்கனவே ஆஃப்லதான் இருக்குது மாமான்னு அண்ணன் சொன்னதுக்கு மொறச்சாரு. அந்த சீரியல் லைட்டு வயர மொதல்ல புடுங்கச் சொன்னாரு. எல்லாப் பொண்ணுங்களையும் வளையல கழட்டி பையில போடச் சொன்னாரு. பக்கத்துல வரவே போறதில்லையே மாமான்னா, வந்துட்டா என்ன பண்றதுங்கறாரு.

அப்புறம் வேன் பேட்டரியப் பாத்தாரு. பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு.

அந்தப் பேட்டரி முழுக்க சந்தனம். அதுமேல குங்குமம். நைட்டெல்லாம் காஞ்சு சிமென்ட்டு மாதிரி கெடக்குது. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு ஒண்ணும் தெரியல. வயர வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, ரெண்டு வயரும் கருப்பு. பழைய வேன், எந்த மெக்கானிக்கோ கையில கெடச்ச வயர போட்டு வெச்சிருக்கறான்.

“எதுடா பிளஸ்ஸு?”

“ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் மாமா பொட்டு வெச்சேன்.”

“சாமிக்குத் தெரியும்டா. என் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.”

எனக்கு அழுகையே வந்துருச்சு. மாத்திக் குடுத்தா அந்த மனுசன் இத்தன நாளு காப்பாத்துனது எல்லாம் ஒரு நொடியில போயிரும். குடுக்கலன்னா எங்க ஆர்டரு போயிரும். வேணாம் மாமா விடுங்கன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், சொல்ல வரல. அதுக்குள்ள அத்தை உள்ளருந்து ஈரத்துணியும் தேங்கா எண்ணெயும் எடுத்துட்டு வந்தாங்க. எண்ணெய விட்டு, ஊற வெச்சு, குழந்தைக்குத் தலையில இருக்கற பொருக்க எடுக்கற மாதிரி மெதுவா தேச்சாங்க. மாமா கண்ணாடியப் போட்டுட்டு மூஞ்சியக் கிட்டக்க கொண்டு போனாரு. அப்புறம் பேட்டரி மேல மூஞ்சிய வெக்கக் கூடாதுன்னு அவரு சட்டமே ஞாபகம் வந்து பின்னால வந்தாரு.

பிளாஸ்டிக்குல மேடா ஒரு குறி தெரிஞ்சுது. மாமா நம்பல. எங்க எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சு, ஒவ்வொருத்தியா வந்து பாத்து என்னன்னு சொல்லணும்னாரு. மணி ஓடுது, நாங்க ஓட்டுப் போடற மாதிரி வரிசையில வரோம். பிளஸ்ஸு, பிளஸ்ஸு, பிளஸ்ஸு. ஸ்டெல்லா வந்து பாத்துட்டு, எனக்கு சிலுவ மாதிரி தெரியுது மாமான்னா. அதேதாம்மா, போன்னாரு. அவ நெத்தியில, நெஞ்சுல கைய வெச்சு ஜெபமும் பண்ணிட்டுத்தான் போனா.

செவப்பு வயர செத்த பேட்டரி பிளஸ்ஸுல மாட்டுனாரு. மறு நுனிய அவரு பேட்டரி பிளஸ்ஸுல. கருப்ப அவரு மைனஸ்ஸுல. கடசிக் கருப்பு நுனிய பேட்டரியில மாட்டாம, வேன் எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல கவ்வ வெச்சாரு. கார ஸ்டார்ட் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் ஓட விட்டாரு. அப்புறம் அண்ணனப் பாத்துத் தலைய ஆட்டிட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு, பாக்கெட்ட புடிச்சுக்கிட்டாரு.

மொத தடவ இருமுச்சு. ரெண்டாவது தடவ கொஞ்சம் பெருசா இருமுச்சு. மூணாவது தடவ கருப்பா ஒரு பொகைய எங்க பூ மேல எல்லாம் ஊதிட்டு வேன் எந்திரிச்சுருச்சு.

நாங்க மாமாவுக்கு ஒரு தேங்க்ஸ் கூட சொல்லல. வளையலக் கூட போடாம ஏறி ஒக்காந்தோம். கேட்டு சாத்தப் போற நேரம், அண்ணன் வேன, சந்துல பூனை பூந்த மாதிரி உள்ள விட்டான். எல்லாருக்கும் ஆர்டரு கெடச்சுது.

சாயங்காலம் ஸ்வீட்டு வாங்கிட்டு மாமா வூட்டுக்குப் போனா, மனுசன் எழவு வூட்டுல ஒக்காந்திருக்கற மாதிரி காரு முன்னால ஸ்டூல் போட்டு ஒக்காந்திருக்கறாரு. காரு நல்லா இருக்குது. எல்லா லைட்டும் எரியுது. ஆனா கம்பெனிக்குத் தெரிஞ்சுரும்ங்கறாரு. கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கும்ங்கறாரு. ஸ்வீட்ட வாங்கல. மொதல்ல உன் ஆர்டரக் காட்டுன்னாரு. வாங்கி, முழுக்கப் படிச்சு, பின்பக்கம் திருப்பிப் பாத்து, கையெழுத்த வெரலால தடவிப் பாத்துட்டுக் குடுத்தாரு. அப்புறம்தான் ஸ்வீட்ட எடுத்துக்கிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழம என்னையும் சாட்சிக்குக் கூட்டிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனாரு. அங்க டை கட்டுன ஒரு தம்பி, என்ன கம்ப்ளெயின்ட் சார்னு கேட்டுச்சு. மாமா எந்திரிச்சு நின்னு ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கற மாதிரி ஆரம்பிச்சாரு. ஆயுத பூஜ, வேனு, சந்தனம், சிலுவ, தேங்கா எண்ணெய், ஒண்ணையும் விடல. அந்தத் தம்பிக்குக் கண்ணு சுத்திருச்சு. வண்டிய மிஷின்ல மாட்டிப் பாத்துட்டு வந்து, எல்லாம் சரியா இருக்குது சார்னுச்சு.

“அப்ப வாரண்டி?”

“ஜம்ப்பு குடுத்தா வாரண்டி போவாது சார். தப்பா குடுத்து ஏதாவது எரிஞ்சாத்தான், எரிஞ்சதுக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்க மாட்டோம். நீங்க சரியாத்தான் குடுத்திருக்கறீங்க.”

“இத எழுதிக் குடுக்க முடியுமா தம்பி?”

எதுக்கு சார்னு அந்தத் தம்பி சிரிச்சுச்சு. மாமா சிரிக்கல. வர்ற வழியெல்லாம், வாயாலதான சொன்னான், வாயாலதான சொன்னான்னு ஸ்டியரிங்கப் பாத்துச் சொல்லிட்டே வந்தாரு.

ஆனா அன்னிக்கப்புறம் மனுசனுக்குப் பைத்தியம் வேற பக்கம் திரும்பிருச்சு. காலைல எங்கயாவது கிர்ர்னு சத்தம் கேட்டா போதும், வயரத் தோள்ல மாலையாட்டம் போட்டுட்டு நிப்பாரு. கேக்காதவங்களுக்கும் குடுப்பாரு. ஆனா சும்மா குடுக்க மாட்டாரு, மொதல்ல பரீட்ச வெப்பாரு. கடசி நுனிய எங்க மாட்டணும் சொல்லு. தெரியலையா, போயி தெரிஞ்சுட்டு வா. நான் நிக்கறேன். அத்திப்பள்ளி டாக்டரு ஒருத்தரு மூணு தடவ பெயிலாகி நாலாவது தடவதான் வண்டிய எடுத்துட்டுப் போனாரு. அந்தக் கல்யாண மாப்பிள்ளை கொழந்தையோட வந்தப்ப அவனுக்கு மட்டும் பரீட்ச இல்ல. உனக்கு ஏற்கனவே பாக்கி இருக்குதுப்பான்னு அவரே போயி வயர மாட்டுனாரு.

போன மாசம் வேலைக்குப் போன எடத்துல நெஞ்சுவலின்னு ஒக்காந்தவரு எந்திரிக்கல. கடசி வரைக்கும் காண்ட்ராக்ட்டுதான்.

காரியத்துக்கு வேப்பனப்பள்ளிக்குப் போவணும்னு அத்தை சொன்னாங்க. பஸ்ஸுல வேணாம், வேன்ல வேணாம், அவரு கார்லதான் போவணும்னாங்க. அண்ணன் கவர எடுத்துட்டு சாவிய போட்டான். நாளு கணக்கா நின்ன வண்டி. பேட்டரி செத்துக் கெடந்துச்சு.

யாரும் யாரையும் கூப்புடல. அண்ணன் வேன எடுத்துட்டு எறக்கத்துல மெதுவா வந்து மூக்குக்கு மூக்கு நிறுத்துனான். டிக்கியிலருந்து மாமாவோட வயர எடுத்தான். பொண்ணுங்க நாங்க நாலு பேரு அங்க நின்னோம். நான் திரும்பிப் பாக்கறேன், எல்லாரும் வளையலக் கழட்டிட்டு இருக்கறாங்க. யாரும் சொல்லல. ஸ்டெல்லா வந்து பிளஸ்ஸ பாத்துட்டு, தலைய ஆட்டிட்டுப் போனா. கடசிக் கருப்பு நுனிய நான்தான் இரும்புல மாட்டுனேன். மாட்டிட்டு, நானும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்.

மொத தடவையே எந்திரிச்சுருச்சு.

அத்தை முன் சீட்டுல, அந்தப் பிளாஸ்டிக்கு மேல ஒக்காந்தாங்க. பிள்ளையார மடியில வெச்சுக்கிட்டாங்க. ஜன்னல எறக்கி என்னக் கிட்டக் கூப்பிட்டு, மெதுவா கேட்டாங்க.

“மஞ்சு, இதனால வாரண்டி ஒண்ணும் போயிராதே?”

“போவாது அத்தை.”

அவங்க என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அவங்களும் அவரு கூடவே இத்தன வருசம் இருந்தவங்க தான, வாயால சொன்னா எப்படி நம்புவாங்க?

அதான் எழுதிக் குடுத்துட்டேன்.